வாயெறியான்: ஒரு மண்ணடிப் பிராணியின் பெயர்க்கதை

புல்வெளியைக் குடைந்து இரவோடு இரவாக மண்மேடு எழுப்பிவிடும் ஒரு சிறு பிராணியை ஜெர்மானியர் மவுல்வுர்ஃப் என்கிறார்கள். மவுல் என்றால் விலங்கின் வாய். வுர்ஃப் என்ற பின்பாதி, எறிதல் என்னும் வினையோடு உறவுடையது. இரண்டையும் கூட்டினால் 'வாயால் எறிவது'. ஜெர்மன் தெரிந்த எவருக்கும் பெயரைக் கேட்டவுடன் இந்தப் பொருள்தான் தோன்றும். சிக்கல் ஒன்றுதான். அந்தப் பிராணி வாயால் எதையும் எறிவதில்லை.

ஆங்கிலத்தில் அதன் பெயர் மோல். விலங்கியலார் எழுதும் பெயர் தால்ப்பா யூரோப்பேயா. பிரிட்டனிலிருந்து ரஷ்யா வரை ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வாழ்வது. அதற்குத் தமிழில் என்ன பெயர் என்பது ஒரு வழக்கு. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். அதுவரை மோல் என்றே எழுதுகிறேன்.

மோல் ஒரு சாண் நீளம்கூட இருக்காது. உடல் 11 முதல் 16 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 100 கிராம். முன்கால்கள் இரண்டும் உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பிவைத்த மண்வெட்டிகள். ஐந்து விரல் போதாதென்று மணிக்கட்டு எலும்பொன்று நீண்டு ஆறாவது விரல் போல அகலம் கூட்டுகிறது. கருத்த மயிர் வெல்வெட்டைப் போல எந்தப் பக்கம் தடவினாலும் படியும். குறுகலான வளைக்குள் முன்னும் பின்னும் போய்வர அந்த மயிர்தான் வசதி. உணவு பெரும்பாலும் மண்புழு. புழுவின் தலைப்பக்கத்தைக் கடித்து, சாகவிடாமல் நகரவும் விடாமல் நூற்றுக்கணக்கில் சேமித்துவைக்கும். தோண்டிய மண்ணை என்ன செய்வது? செங்குத்தாக ஒரு குழாய் வழி அமைத்து, ஒரு முன்காலை ஊன்றிக்கொண்டு மறு முன்காலின் உள்ளங்கையால் மண்ணை மேலே தள்ளுகிறது. வாய்க்கு அதில் எந்த வேலையும் இல்லை.

பிறகு 'வாய்' எப்படி வந்தது?

மொழிவரலாற்று அறிஞர்கள் சொல்லும் விளக்கம் மூன்று படிகளைக் கொண்டது. பழைய உயர் ஜெர்மனில் இதன் பெயர் மூவெர்ஃப். அங்கே மூ என்பது குவியலைக் குறித்த ஒரு பழஞ்சொல். வைக்கோல் போரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லொன்று அதன் உறவு. ஆக முதற்பெயர் 'குவியல் எறியான்'. கண்ணால் பார்ப்பதைச் சொன்ன, நேர்மையான பெயர். காலப்போக்கில் மூ என்ற சொல் தனியாக வழங்குவது நின்றது. பெயரின் முன்பாதி வெற்றொலியாகிவிட்டது. பேசுகிறவர்கள் அதைப் புழுதிமண் என்று பொருள்படும் மோல்ட் என்ற சொல்லோடு பொருத்திக்கொண்டார்கள். 'மண் எறியான்' பிறந்தது. இதுவும் உண்மையான பெயர்தான். ஆனால் ஜெர்மன் நாட்டின் பெரும்பகுதியில் மோல்ட் என்ற சொல்லும் வழக்கொழிந்தது. மறுபடி ஒரு ஓட்டை. இம்முறை பக்கத்தில் கிடைத்த துண்டு, வாயைக் குறித்த மூல். பெயர் மூல்வுர்ஃப் ஆயிற்று. பின்னர் ஜெர்மனின் நெடில் ஊகாரங்கள் எல்லாம் அவுகாரமாக மாறியபோது, வீட்டைக் குறித்த ஹூஸ் ஹவுஸ் ஆனதைப் போல, மூல் மவுல் ஆயிற்று.

இதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் மக்கள் சொற்பிறப்பு. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹாமில்டன் என்ற வெள்ளைக்காரப் பெயரில் இருந்த பாலத்தை ஊர்வாய் 'அம்பட்டன் வாராவதி' ஆக்கியது. அதைக் கேட்ட ஆங்கிலேயர், பொருள் தெரிந்த மகிழ்ச்சியில், 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று திருப்பி மொழிபெயர்த்து எழுதினார்கள். ஹாமில்டனுக்கும் முடிதிருத்துவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் ஊருக்கு வேண்டியிருந்தது வரலாறு அல்ல, நாக்கில் நிற்கும் ஒரு பொருள். மவுல்வுர்ஃபுக்கும் அதே குணம்தான். இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூரையில் ஓடு உடைந்தால் கைக்குக் கிடைத்த ஓட்டைச் செருகுவதில்லையா, அந்த மாதிரி ஒரு பழுதுபார்ப்பு இது. வீடு ஒழுகாமல் இருக்க வேண்டும். ஓடு எந்தச் சூளையில் வெந்தது என்று யார் கேட்கிறார்கள்?

ஆங்கிலத்தில் நடந்தது வேறு. இடைக்கால ஆங்கிலத்தில் இந்தப் பிராணிக்கு மோல்ட்வார்ப் என்று பெயர். மோல்ட், மண். வார்ப், எறிதல். ஜெர்மனின் இரண்டாம் படியில் இருந்த அதே 'மண் எறியான்'. டேனிஷ் மொழி இன்றும் முல்ட்வார்ப் என்றே சொல்கிறது. நார்வேயிலும் ஏறத்தாழ அதே. ஆனால் ஆங்கிலத்தில் வார்ப் என்ற வினைக்கு 'எறி' என்ற பொருள் தேய்ந்துபோனது. இன்று அந்தச் சொல் மரப்பலகை வளைந்துபோவதையும் தறியின் பாவையும்தான் குறிக்கும். மோல்ட் என்றாலோ பலருக்கு ரொட்டியில் பூக்கும் பூஞ்சைதான் முதலில் நினைவுக்கு வரும். இரண்டு பாதியும் பொருளிழந்த பெயரை ஆங்கிலம் பழுதுபார்க்கவில்லை. மோல் என்ற ஓரசையை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. இந்த மோல் பழைய நீண்ட பெயரின் சுருக்கம் என்பது ஒரு கருத்து. கடல் கடந்து டச்சுக்காரர்களிடமிருந்து வந்த மோல் என்பது இன்னொன்று. எதுவாயினும் இன்றைய ஆங்கிலேயருக்கு அந்த ஒலி எதையும் விளக்குவதில்லை. ஜெர்மானியர் பொய்ப்பொருளையாவது வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் பொருளே வேண்டாம் என்று விட்டார்கள்.

அதுவும் ஒரே நாளில் நடந்ததல்ல. 1566இல் முதலாம் எலிசபெத் ராணியின் காலத்தில், தானியத்தைக் காப்பதற்கென்று ஒரு சட்டம் வந்தது. பயிருக்குப் பகை என்று கருதிய பறவைகளையும் விலங்குகளையும் கொன்று தலையைக் கொண்டுவந்தால் ஊர்ப்பணத்திலிருந்து வெகுமதி தர வேண்டும். மோலுக்கு அரைப் பென்னி. சட்டம் எழுதியவர்கள் மோல்ட்வார்ப் என்று மட்டும் எழுதி நிறுத்தவில்லை. 'அல்லது வான்ட்' என்று இன்னொரு பெயரையும் சேர்த்தார்கள். பழைய ஆங்கிலத்திலிருந்தே மோலைக் குறித்து வந்த தனிச் சொல் அது. சட்டம் எல்லாக் கவுண்டிகளிலும் செல்ல வேண்டுமானால் எல்லாக் கவுண்டிகளின் பேச்சும் அதில் இருக்க வேண்டும். நம்மூர்ப் பதிவேடுகளில் 'என்கிற' போட்டு எழுதுவோமே, அந்த மாதிரி.

இந்தப் பெயர்கள் இருபதாம் நூற்றாண்டு வரை மடியவில்லை. லீட்ஸ் பல்கலைக்கழகம் 1950 முதல் 1961 வரை நடத்திய ஆங்கில வட்டார வழக்குக் கள ஆய்வில் 313 ஊர்களில் வயதான கிராமத்தாரிடம் அன்றாடச் சொற்களைக் கேட்டுப் பதிந்தார்கள். கேள்விகளில் ஒன்று மோலைப் பற்றியது. வடக்கே மோல்டிவார்ப் உயிரோடு இருந்தது. மேற்கே வான்ட்டும் அதன் தேய்ந்த வடிவமான ஊன்ட்டும் இருந்தன. அந்தப் பக்கத்தில் மோல் எழுப்பும் மண்மேட்டுக்கு ஊன்ட்டி டம்ப் என்று பெயர். வேளாண்மையும் தோட்டமும் இருந்த இடத்தில் பெயர் நின்றது. பள்ளிப் புத்தகமும் நகரமும் வந்த இடத்தில் மோல் வென்றது.

1908ஆம் ஆண்டு இதற்கு ஒரு விசித்திரமான சாட்சி. அந்த ஒரே ஆண்டில் இங்கிலாந்தில் இரண்டு குழந்தை நூல்கள் வந்தன, இரண்டிலும் மோல் ஒரு பாத்திரம். கென்னத் கிரகாமின் 'த விண்ட் இன் த வில்லோஸ்' கதையில் வசந்தகாலத்து வெள்ளையடிப்பு வேலையை உதறிவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடிவரும் நாயகனின் பெயர் வெறும் மோல். எடித் நெஸ்பிட்டின் 'த ஹவுஸ் ஆஃப் ஆர்டன்' கதையில் பிள்ளைகளைப் பழங்காலத்துக்கு அழைத்துப்போகும் மந்திர வெள்ளை மோலுக்குப் பெயர் மோல்டிவார்ப். நிகழ்காலத்தில் நட்பாகப் பழகும் பிராணிக்குப் புதுப்பெயர். கடந்த காலத்தின் வாசலைத் திறப்பதற்குப் பழம்பெயர். நெஸ்பிட்டுக்குக் காது நன்றாக இருந்திருக்கிறது.

பொருள் கழன்ற சொல்லுக்கு ஒரு வசதி உண்டு: எதை வேண்டுமானாலும் சுமக்கும். மண்மேட்டை மலையாக்குவது என்ற ஆங்கில மரபுத்தொடர் நிக்கலஸ் உடால் 1548இல் செய்த ஓர் எராஸ்மஸ் மொழிபெயர்ப்பில் காணக் கிடைக்கிறது. லத்தீனில் புகழ்பெற்றிருந்தது ஈயை யானையாக்கும் உவமை. உடால் அதை வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே மோல் மேட்டையும் மலையையும் நிறுத்தினார். ஆங்கிலத்தில் அவ்விரு சொற்களுக்கும் மோனை அமைகிறது. ஈயும் யானையும் மறந்துபோயின, மேடும் மலையும் நின்றன. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் நமக்கு மோனையின் வலிமையைச் சொல்லித்தர வேண்டுமா?

அரசியலும் இந்தப் பெயரைத் தொட்டது. 1702இல் மூன்றாம் வில்லியம் மன்னரின் குதிரை ஒரு மோல் மேட்டில் கால் இடறி, மன்னர் விழுந்து காறை எலும்பு முறிந்தது. சில நாள்களில் இறந்துபோனார். அவர் பறித்த அரியணைக்கு உரியவர் ஸ்டூவர்ட் வம்சத்தாரே என்று நம்பியவர்கள், அதன் பிறகு விருந்துகளில் 'வெல்வெட் மேலங்கி அணிந்த சின்னக் கனவான்' நலத்துக்காகக் கோப்பையை உயர்த்துவார்களாம். மோல் என்று வாய்விட்டுச் சொன்னால் ராஜதுரோகம். சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது. ஒரு பிராணியின் பெயர் சொல்லக்கூடாததாகி, அந்தத் தடையாலேயே புகழடைந்தது.

உளவாளி என்ற பொருள் இன்று உலகறிந்தது. ஜான் லெ காரே 1974இல் எழுதிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நாவல்தான் அதை ஊரெங்கும் பரப்பியது: எதிரியின் அமைப்புக்குள் இளமையிலேயே புகுந்து, பல ஆண்டு ஆழத்தில் காத்திருந்து, உயர்பதவிக்கு வந்து காட்டிக்கொடுப்பவன். ஆனால் 1622இலேயே பிரான்சிஸ் பேக்கன், ஏழாம் ஹென்றியின் வரலாற்றை எழுதும்போது மன்னருக்கு எதிராக அடியில் குடைந்துகொண்டே இருந்தவர்களை மோல்களுக்கு ஒப்பிட்டிருக்கிறார். நிலத்தடி வேலை என்ற உவமை யாருக்கும் தோன்றக்கூடியதுதான். நம் பத்திரிகைகள் இந்த இடத்தில் 'கறுப்பு ஆடு' என்று எழுதுகின்றன. அதுவும் ஆங்கிலத்திலிருந்து வந்ததே. கறுப்பு ஆட்டை எந்தத் தமிழ் இடையரும் குற்றவாளியாக நினைத்ததில்லை. மோலை நாம் பார்த்ததில்லை என்பதால், ஆங்கில மந்தையிலிருந்து இன்னொரு விலங்கைக் கடன் வாங்கிக்கொண்டோம்.

இதற்கிடையில் மோல் என்ற அதே ஒலியில் ஆங்கிலத்துக்கு வேறு வழிகளிலும் சொற்கள் வந்துசேர்ந்திருக்கின்றன. தோலில் இருக்கும் மச்சம், கறை என்று பொருள்பட்ட ஒரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, பிராணியோடு தொடர்பில்லை. துறைமுகத்தில் அலை தடுக்கக் கட்டும் கல்லணை, பெரும்பாரம் என்று பொருள்படும் லத்தீன் மோலெஸிலிருந்து. வேதியியலின் மோல், அதே மோலெஸின் குட்டியான மாலிக்யூல் என்ற சொல்லைச் சுருக்கி வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1890களில் வழங்கியது. எனவே ப்ளஸ் ஒன் மாணவர் மனப்பாடம் செய்யும் மோலும் துறைமுகக் கல்லணையும் ஒன்றுவிட்ட சகோதரர்கள், தோட்டத்து மோல் வெறும் பெயர்ப் பொருத்தம். இருந்தும் அமெரிக்கப் பள்ளிகள் அக்டோபர் 23 அன்று வேதியியல் மோலைக் கொண்டாடும்போது சுவரொட்டியில் இருப்பது வெல்வெட் மேலங்கிக் கனவான்தான். பொருள் இல்லாத இடத்தில் மக்கள் ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிடுகிறார்கள். அவுகாரம் ஏறிய ஜெர்மன் வாயும் அமெரிக்கச் சுவரொட்டியும் ஒரே பழக்கத்தின் இரண்டு பிள்ளைகள். (நம் மச்சமும் மீனைக் குறிக்கிறது, தோல் புள்ளியையும் குறிக்கிறது, சிலருக்கு அடிக்கும் அதிர்ஷ்டத்தையும் குறிக்கிறது. ஆங்கிலேயரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையில்லை.)

லத்தீன் தால்ப்பா தன் வழியில் வேறு ஆட்டம் ஆடியது. பிரெஞ்சில் அது தோப் ஆகி, பிராணியின் மயிர் நிறத்துக்கும் பெயராயிற்று. துணிக்கடையில் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தை டோப் என்று விற்கிறார்களே, அது இந்த மோலின் தோல்தான். ஸ்பானிஷில் தால்ப்பா தோப்போவாக மாறி இன்றும் மோலைக் குறிக்கிறது. அதே மூலத்திலிருந்து வந்த இத்தாலியத் தோப்போ எலியைக் குறிக்கிறது. மாட்ரிட்காரர் ரோம் நகரில் தோட்டத்தில் தோப்போ என்று புகார் சொன்னால் எலிப்பொறி வரும். மோலுக்கு இத்தாலியர் பழைய தால்ப்பாவையே வைத்துக்கொண்டார்கள். சுரங்கம் துளைக்கும் ராட்சத இயந்திரத்தையும் அப்படியே அழைக்கிறார்கள், பொருத்தமாக. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மண்ணுக்கடியில் போன சில இயந்திரங்களுக்கு ஃபிளமிங்கோ, பெலிகன், பீகாக் என்று பறவைப் பெயர்கள் வைத்தார்கள். ஆகாயத்தில் பறப்பவற்றைப் பூமிக்குள் அனுப்பியது யார் யோசனையோ.

இனி அறிவியல் பெயருக்கு வருவோம். பேச்சுவழக்குப் பெயர்கள் குழப்பமானவை, அறிவியல் பெயர்கள் துல்லியமானவை என்று நமக்குப் பள்ளியிலேயே சொல்லித்தருகிறார்கள். மோல் குடும்பத்தைப் பார்த்தால் பாடம் தலைகீழாகிறது. ஸ்வீடனின் லின்னேயஸ் 1758இல், தன் 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பில், ஐரோப்பிய மோலுக்குத் தால்ப்பா யூரோப்பேயா என்று பெயரிட்டார். அதில் தவறில்லை. அதே நூலில் தால்ப்பா ஆசியாட்டிகா என்று இன்னொன்று. அது வாழ்வது தென்னாப்பிரிக்காவில், ஆசியாவில் அதன் வாடைகூடக் கிடையாது. அமெரிக்காவின் கிழக்கு மோல் ஒன்றுக்குத் தண்ணீரில் வாழ்வது என்று பொருள்பட அக்வாட்டிகஸ் என்று அடைமொழி கொடுத்தார். காலில் தோல் இணைப்புகள் இருப்பது நீர்வாழ் உயிரின் தோற்றத்தைத் தருகிறது. ஆனால் அந்த மோலும் மண்ணைக் குடைந்துதான் வாழ்கிறது. இந்தத் தவறுகளை யாரும் திருத்த முடியாது. பொருள் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பெயரை நீக்கக்கூடாது என்பது விலங்குப் பெயரீட்டின் சர்வதேச விதி. முந்தி வைத்த பெயர் முந்தியே நிற்கும். அதனால் தென்னாப்பிரிக்க விலங்கு இன்றும் கிரைசோகுளோரிஸ் ஆசியாட்டிகா. விதியின் நியாயம் எனக்குப் புரிகிறது. பெயர் அடிக்கடி மாறினால் நூலகமே குழம்பிப்போகும். ஆனால் பேச்சுப்பெயர் நாக்கில் இருப்பதால் பழுதுபார்க்கப்படுகிறது, அறிவியல் பெயர் காகிதத்தில் இருப்பதால் பிழையோடு உறைந்துபோகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தென்னாப்பிரிக்கப் பிராணியை ஆங்கிலத்தில் தங்க மோல் என்கிறார்கள். அது மோல் அல்ல. மரபணுச் சான்றுப்படி அது யானையும் கடற்பசுவும் அடங்கிய ஆப்பிரிக்கக் கிளையைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியப் பாலைமணலுக்குள் வாழும் இன்னொன்று வயிற்றில் பை வைத்த இனம், கங்காருவின் தூரத்து உறவு. பிட்ஜன்ஜட்ஜாரா மக்கள் அதை இட்ஜாரிட்ஜாரி என்கிறார்கள். வெள்ளையர் அதற்கும் மோல் என்றே பெயரிட்டார்கள். மூன்று கண்டங்களில், உறவற்ற மூன்று குலங்கள், மண்ணைக் குடையும் ஒரே தொழிலால் ஒரே உடலைப் பெற்றன. ஊர்விட்டு ஊர் போன ஐரோப்பியன் உடலைப் பார்த்தான், பழகிய பெயரைத் தந்தான். நம் பக்கத்துப் பெயருக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. பெருச்சாளியைத் தெலுங்கில் பந்திகொக்கு, பன்றியெலி, என்பார்கள். ஆங்கிலேயர் வாயில் அது பேண்டிகூட் ஆயிற்று. அவர்கள் அதை ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துப்போய், எலியோடு எந்த உறவும் இல்லாத ஒரு பைப்பாலூட்டிக்கு வைத்துவிட்டார்கள். ஆந்திரத்து வயலெலியின் பெயர் இன்று ஆஸ்திரேலிய அரிய விலங்கொன்றின் பெயர்.

கிழக்கே இன்னும் வேடிக்கை. ஜப்பானியர் மோலை மொகுரா என்கிறார்கள், அதை 'மண் டிராகன்' என்று பொருள்தரும் இரண்டு சீன எழுத்துகளால் எழுதுவதுண்டு. சீனத்தில் அந்த எழுத்துகள் குறித்தது மண்புழுவை. சீன மருந்துக்கடையில் உலர்த்திய மண்புழு இன்றும் நில டிராகன் என்ற பெயரில்தான் விலைபோகிறது. இரையின் பெயர் இரையைத் தின்பவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

குருட்டுத்தனம் இன்னொரு பெயர்க் காரணம். அரிஸ்டாட்டில் தம் விலங்கு வரலாற்றில் அஸ்பாலக்ஸ் என்ற பிராணியைக் குறிப்பிட்டு, தோலை உரித்துப் பார்த்தால் அடியில் கண்ணின் பாகங்கள் எல்லாம் இருக்கின்றன, பார்வை மட்டும் இல்லை என்று எழுதினார். ஐரோப்பிய மோலுக்கு மிகச் சிறிய கண் வெளியிலேயே உண்டு, வெளிச்சம் தெரியும். ஆனால் தெற்கு ஐரோப்பாவில் கண்ணைத் தோல் மூடிய மோல் இனங்களும், கண்ணே வெளித்தெரியாத குருட்டு எலி இனங்களும் வாழ்கின்றன. கிரேக்கர் கையில் இருந்தது வேறு பிராணியாக இருந்திருக்கலாம். இத்தாலியில் 1822இல் சாவி என்ற ஆய்வாளர் கண்மூடிய இனத்தைத் தனியாகப் பிரித்துத் தால்ப்பா சீக்கா, குருட்டு மோல், என்று பெயரிட்டார். ஐரிஷ் மொழியிலும் மோல் என்றால் கீகான், குருடன் என்று பொருள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அயர்லாந்தில் மோல் கிடையாது. இல்லாத பிராணிக்கு அங்கே பெயர் மட்டும் இருக்கிறது.

நம் நிலையும் ஏறத்தாழ அதுதான். இந்தியாவில் மோல்கள் இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கிலும் மட்டுமே உண்டு. நேபாளம், டார்ஜிலிங் பக்கத்து மோலை ஹாட்ஜ்சன் என்ற ஆய்வாளர் 1841இல் விவரித்தார். வடகிழக்கின் காசி மலையில் வாழும் வெள்ளைவால் மோலை பிளைத் என்பவர் 1850இல் விவரித்தார். விந்தியத்துக்குத் தெற்கே ஒன்றுமில்லை. எனவே சங்கம் முதல் இன்றுவரை எந்தத் தமிழ் உழவனுக்கும் இதற்குப் பெயர்வைக்க நேரவில்லை. பெயர்வைக்க நேர்ந்தது மொழிபெயர்ப்பாளர்களுக்கு.

ஏசாயா தீர்க்கதரிசி நூலின் இரண்டாம் அதிகாரத்தில், மனிதர்கள் தங்கள் வெள்ளி, பொன் விக்கிரகங்களை இரண்டு பிராணிகளிடம் எறிந்துவிடுவார்கள் என்று வருகிறது. ஆங்கில அரசவை மொழிபெயர்ப்பு மோலும் வௌவாலும் என்றது. ஜெர்மனில் மொழிபெயர்த்த லூத்தர் மவுல்வுர்ஃப் என்று எழுதினார். பாலஸ்தீனத்தில் மோல் வாழ்வதில்லை. தோண்டும் பிராணி என்ற எபிரேயக் குறிப்பைக் கண்டு, இருவரும் தங்கள் வயலில் பார்த்ததை அங்கே இறக்கினார்கள். பரவலாக வழங்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் மூஞ்சூறுகளும் துரிஞ்சில்களும் இருக்கின்றன. லேவியராகமத்தின் பதினொன்றாம் அதிகாரத்தில் அசுத்தமான ஊர்வனவற்றின் பட்டியல் ஆங்கிலத்தில் மோலில் முடிகிறது, தமிழில் பச்சோந்தியில் முடிகிறது. அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தின் பின்னால் போகவில்லை.

மூஞ்சூறு என்ற தேர்வைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அது அபாரமான தற்செயல். மூஞ்சூறு எலி அல்ல. கொறிக்கும் பல் அதற்கில்லை. பூச்சியும் புழுவும் தின்னும் வேறொரு வரிசை. மோல் அதே வரிசையைச் சேர்ந்தது. மோல், மூஞ்சூறு, முள்ளெலி மூன்றும் ஒரே வரிசையின் குடும்பங்கள். நீண்ட மூஞ்சியைக் கொண்டு தமிழர் வைத்த பெயர், விலங்கியலார் நீண்ட ஆய்வுக்குப் பிறகு வரைந்த கோட்டுக்குச் சரியான பக்கத்தில் விழுந்திருக்கிறது.

இன்று தமிழில் அறிவியல் எழுதுவோர் பலர் அகழெலி என்கிறார்கள். அழகான சொல். அகழ் என்ற வினை அகழியிலும் அகழாய்விலும் உயிரோடு இருப்பதால் கேட்டவுடன் பொருள் விளங்கும். 'மண் எறியான்' போன்றே தொழிலைச் சொல்லும் பெயர். ஆனால் எலி? முள்ளெலியும் எலி அல்லவே, தென்மாவட்டத்தார் அப்படித்தானே சொல்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எளிதில் தள்ளிவிட முடியாதது. தமிழில் எலி என்பது விலங்கியல் வரிசைப் பெயர் அல்ல, உருவத்தைச் சொல்லும் பெயர். முள்ளெலியைத் தேரிக்காட்டில் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். வைத்தவர்களுக்கு அதை மாற்றவும் உரிமை இருக்கிறது. மவுல்வுர்ஃப் போல அது பழுதாகலாம், செப்பமாகலாம்.

மோலுக்குத் தமிழில் அப்படி ஒரு கூட்டம் இல்லை. அதன் மேட்டில் கால் இடறியவர் யாரும் நம்மூரில் இல்லை. காகிதத்தில் பிறந்து காகிதத்திலேயே இருக்கப்போகும் பெயர் அது. தவறாக வைத்தால் தென்னாப்பிரிக்க ஆசியாட்டிகாவைப் போல உறைந்துவிடும். நடைமுறைச் சிக்கலும் காத்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் கூட்டமாக நிலத்தடியில் வாழும் மயிரற்ற பிராணி ஒன்று, முப்பது ஆண்டுக்கு மேல் உயிர்வாழ்வதால் முதுமை ஆய்வுக்கூடங்களில் புகழ்பெற்றது. ஆங்கிலத்தில் அதன் பெயர் மோல் எலி. அது உண்மையிலேயே கொறிக்கும் இனம், உண்மையிலேயே அகழும் எலி. மோலுக்கு அகழெலியைக் கொடுத்துவிட்டால் இதற்கு என்ன கொடுப்பது? 'அகழெலி எலி' என்றா?

தோண்டும் பூச்சியொன்று நம் ஈர வயல்களில் உண்டு. மோலைப் போன்ற முன்கால் என்பதால் ஐரோப்பியர் அதை மோல் சில்வண்டு என்றார்கள், லத்தீனிலும் கிரில்லோடால்ப்பா. தமிழர் மோலைக் காணாமலே அதற்குப் பிள்ளைப்பூச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கண்ணால் கண்டதற்கு நமக்குப் பெயர்ப் பஞ்சம் இருந்ததில்லை. காணாததற்குத்தான் நிதானம் தேவைப்படுகிறது. பாடநூல் எழுதுவோரும் அகராதி தொகுப்போரும் அகழெலியை ஆப்பிரிக்க எலிக்கே விட்டுவிட்டு, மோலை மண்மூஞ்சூறு என்று எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. பழைய வேதாகமம் காட்டிய வழியில் முன்னால் ஒரு 'மண்' சேர்த்தால் போதும்.